இலங்கை மலையகத்தின் பழைய கிறிஸ்தவ ஆலயங்கள்: உள்ளே போய்ப் பார்க்கவும் படம் எடுக்கவும் விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

அட்டன் பக்கத்தில் ஒரு பழைய ஆலயத்தில், வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. கமரா பிடிக்கும் பழக்கமும் உண்டு. வருகிறவர்கள் என்னிடம் கேட்டவை, நான் மற்ற ஆலயங்களுக்குப் போனபோது மற்றவர்களிடம் கேட்டவை எல்லாம் சேர்ந்ததுதான் இது.

எந்த நேரத்தில் போனால் ஆலயம் திறந்திருக்கும்?

நுவரெலியா, கண்டி போன்ற நகரங்களில் பகலில் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். தோட்டப் பகுதிகளில் அப்படி இல்லை. அங்கே சாவி ஒருவரிடம் இருக்கும். அவரும் காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய், கொழுந்து நிறுத்து முடித்து, மாலை நாலரைக்கு மேல்தான் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குத் திரும்புவார். நீங்கள் பதினொரு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால் யாரும் வரப்போவதில்லை. முதல் நாளே அந்த வட்டாரத்துப் பங்குக்கோ சபைக்கோ ஃபோன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். தொடர்பு கிடைக்கவில்லை என்றால் பக்கத்துக் கடையில் விசாரியுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பது மலையகத்தில் எந்தத் தேநீர்க் கடைக்காரருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயம் நிச்சயம் திறந்திருக்கும். ஆனால் படம் எடுக்க அது நேரமில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என ஒன்றன்பின் ஒன்றாக ஆராதனைகள் நடக்கும் ஆலயங்கள் பல உண்டு. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் முக்காலியை விரித்து நிற்பவரைப் பார்த்து யாருக்கும் சந்தோஷம் வராது. கிழமை நாளில் வாருங்கள்.

யாரிடம் அனுமதி கேட்பது? எப்படிக் கூப்பிடுவது?

கத்தோலிக்கக் கோயில் என்றால் பங்குத்தந்தையிடம். அங்கிலிக்கன் ஆலயம் என்றால் குருவானவரிடம். இரண்டு பேரையும் இங்கே 'ஃபாதர்' என்றுதான் கூப்பிடுவோம். மெதடிஸ்த சபையாக இருந்தால் 'போதகர் ஐயா' என்றால் போதும். கதவு திறந்துவிடுபவர் வயதில் மூத்தவராக இருந்தால் ஐயா, அம்மா. இல்லையென்றால் அண்ணன், அக்கா.

கேட்கும்போது இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒன்று, உள்ளே எதை எடுக்கப் போகிறீர்கள் என்பது. இரண்டு, படத்தை எங்கே போடப் போகிறீர்கள் என்பது. உங்கள் சொந்த ஃபோனில் வைத்துக்கொள்வதற்கு ஒரு பதில் வரும், விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ என்றால் வேறு பதில் வரும். வணிகத்துக்கான படப்பிடிப்பு என்றால் பங்கில் முடிவு செய்ய முடியாது, மேலே ஆயரிடம் போக வேண்டியிருக்கலாம். கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களின் கத்தோலிக்கக் கோயில்கள் கண்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பதுளைப் பக்கம் 1972இல் உருவான பதுளை மறைமாவட்டம். கண்டிப் புனித பவுல் ஆலயம் அங்கிலிக்கன் குருநாகல் மறைமாவட்டத்தின் கீழ் வருகிறது.

பையைச் சோதிப்பார்களா?

சோதிக்கலாம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களில் குண்டு வெடித்த பிறகு, பெரிய பையோடு ஒருவர் உள்ளே நுழைவதை யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கமராப் பை என்றால் நீங்களே திறந்து காட்டிவிடுங்கள். வாசலில் நிற்பவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவருக்கும் கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

உள்ளே போனதும் எப்படி நடந்துகொள்வது? செருப்பைக் கழற்ற வேண்டுமா?

வாசலில் செருப்புகள் கிடந்தால் கழற்றுங்கள். தோட்டத்துக் கோயில்களில் பெரும்பாலும் கிடக்கும். நகரத்து அங்கிலிக்கன் ஆலயங்களில் பலர் சப்பாத்தோடே போவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

போனவுடன் கமராவை எடுக்காதீர்கள். பின்வரிசை வாங்கில் (பெஞ்சில்) ஐந்து நிமிடம் உட்காருங்கள். மரியாதைக்காகத்தான், ஆனால் அதோடு இன்னொரு பயனும் இருக்கிறது. வெளியே மலை வெளிச்சத்தில் இருந்து வந்த கண்ணுக்கு உள்ளே முதலில் இருட்டாகத்தான் தெரியும். கண் பழகப் பழகத்தான் கூரையின் மரச்சட்டங்கள், பீடத்தின் நிறம், சுவரில் பதித்த தகடுகள், பைப் ஓர்கனின் குழாய்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். உட்காராமல் எடுத்த படத்துக்கும் உட்கார்ந்து எழுந்து எடுத்த படத்துக்கும் வித்தியாசம் தெரியும். என் பழைய படங்களைப் பார்த்தால் எனக்கே தெரிகிறது.

கத்தோலிக்கக் கோயிலில் பீடத்துக்கருகே சிவப்பு விளக்கு எரிந்தால் நற்கருணைப் பேழையில் நற்கருணை இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். பீடத்தைச் சுற்றியுள்ள கிராதியைத் தாண்டியும் போகாதீர்கள். அங்கிலிக்கன் ஆலயத்திலும் கிராதிக்கு உட்புறம் அழைத்தால் மட்டும்தான். கிட்டப் போய் எடுக்க வேண்டியது இருந்தால் கேளுங்கள், பெரும்பாலும் கூடவே வந்து காட்டுவார்கள்.

பூசை, ஆராதனை நடக்கும்போது எடுக்கலாமா?

வேண்டாம். நற்கருணை கொடுக்கும் நேரத்தில் ஒருபோதும் வேண்டாம். திருமுழுக்கு, அடக்க ஆராதனை போன்றவற்றில் அந்தக் குடும்பம் உங்களைக் கேட்டிருந்தால் மட்டும்.

மலையகத்தில் எந்தெந்த ஆலயங்களைப் பார்க்கலாம்?

என் மனதுக்கு நெருக்கமான சிலவற்றைச் சொல்கிறேன். பெரும்பாலும் ரயில் பாதையை ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் தள்ளியோ வரும்.

டிக்கோயாவில் வார்லி கிறிஸ்து ஆலயம், 1878இல் கட்டியது. கருங்கல் சுவர், வண்ணக் கண்ணாடி, பழைய ஓர்கன், வெளியே கல்லறைகள், கீழே காசல்ரீ நீர்த்தேக்கம். அந்த நீரையும் ஆலயத்தையும் சேர்த்து எடுத்த படங்களைத்தான் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஆலயம் எழும்பியபோது அங்கே அந்த நீர்ப்பரப்பு கிடையாது. கெஹெல்கமு ஓயா என்ற ஆற்றை மறித்து 1965இல்தான் அணை முடிந்தது. ஆலயத்துக்கு வந்த முதல் சபையார் வாசலில் நின்று பார்த்தது ஒரு பள்ளத்தாக்கை.

நுவரெலியா பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852இல் கொழும்பின் முதல் அங்கிலிக்கன் ஆயர் ஜேம்ஸ் சப்மனால் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு அவரே கண்டிப் புனித பவுல் ஆலயத்தையும் பிரதிஷ்டை செய்தார். இந்தச் செங்கல் கட்டடம் தலதா மாளிகைக்கு அருகிலேயே நிற்கிறது. எசல பெரஹரா என்ற தலதா மாளிகை ஊர்வல நாட்களில் அந்தப் பக்கம் வீதிகளை மூடிவிடுவார்கள், ஆகவே ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதுளைப் புனித மாற்கு ஆலயம் 1857. மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்ற அதிகாரியின் நினைவாகக் கட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படும் அந்த மனிதர் 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இதையெல்லாம் அந்த ஊரில் சின்னப் பிள்ளைகளும் கதையாகச் சொல்வார்கள். நினைவுத் தகட்டைப் படம் எடுக்கும்போது எழுத்துகள் முழுவதும் வாசிக்கும்படி எடுங்கள்.

அப்புத்தளைப் புனித அந்திரேயா ஆலயத்தில், கண்டி திரித்துவக் கல்லூரியில் பணி செய்த குருவும் ஆங்கிலக் கவிஞருமான வோல்டர் ஸ்டான்லி சீனியரின் அஸ்தி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அவர் 1938இல் காலமானார். இலங்கையை ஊனோடும் உயிரோடும் நேசித்துப் பாடியவர்.

திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம் பங்கு ஆலயம் இல்லை, பாடசாலைக்குச் சொந்தமானது. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண்டிய மண்டபங்களைப் போல செதுக்கிய கல்தூண்கள், சுவரில் டேவிட் பெயின்டர் தீட்டிய ஓவியங்கள். இயேசுவை நம் நாட்டு நிலத்தில், நம் வெயிலில் நிற்கவைத்து வரைந்தவர் அவர். பாடசாலையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அந்த ஓவியங்களுக்கு முன் ஃபிளாஷை நினைத்தும் பார்க்கக் கூடாது.

வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய ஆலயங்கள் என்கிறார்கள். தமிழர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி எனக்கு முக்கியம். சுவரில் இருக்கும் பித்தளைத் தகடுகளை வாசித்தால் பெரும்பாலும் தோட்டத் துரைமாரும் அவர்கள் மனைவி பிள்ளைகளும்தான். காய்ச்சலில் போன சின்னக் குழந்தைகள், இருபத்தைந்து வயதில் செத்த துணைத் துரைமார். அதையும் வாசிக்க மனம் கனக்கும். ஆனால் தோட்டத்தை வெட்டித் திறந்தவர்களின் பெயர் அந்தச் சுவர்களில் அரிது.

அதற்காக நம்மவர்கள் இந்த ஆலயங்களுக்கு வெளியாட்களாக இருக்கவில்லை. தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களில் பலர் கத்தோலிக்கராகவே வந்தார்கள், மாதா சுரூபத்தைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு. அங்கிலிக்கன் பக்கம் 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு மிஷன் தொடங்கியது. அதன் பெயரிலேயே 'கூலி' என்ற சொல் இருந்தது, பிற்பாடுதான் மாற்றினார்கள். உபதேசியார்கள் லயம் லயமாக நடந்து வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று இதே ஆலயங்கள் பலவற்றில் ஞாயிறு தமிழ் ஆராதனைக்கு வந்து வாங்குகளை நிரப்புகிறவர்கள் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான். கூரை ஒழுகினால் வாளி வைப்பவர்களும் அவர்களே.

ஆகவே உள்ளே படம் எடுக்கும்போது தமிழில் எழுதியிருப்பதைத் தேடுங்கள். தேய்ந்த தமிழ் வேதாகமம், கீர்த்தனைப் புத்தகம், பாட்டு எண் போடும் பலகை, வாங்குக்குக் காணிக்கை கொடுத்தவர் பெயர், கல்லறைத் தோட்டத்தில் சிமெந்துச் சிலுவையில் விரலால் எழுதிய பெயர். வண்ணக் கண்ணாடியை ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள். இவற்றை யாரும் எடுக்கவில்லை.

எந்த மாதம், எந்த நேரத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும்?

முதலில் மழை. அட்டன், டிக்கோயா, நுவரெலியாவின் மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை காய்ந்து கிடக்கும், காற்று மட்டும் பலமாக வீசும். ஊவா என்று சொல்லும் அந்தப் பக்கத்துக்கு மழை ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் காலைகள் டிக்கோயாப் பக்கம் தெளிவாக இருக்கும். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குப் போனால் ஆலயத்தைவிடச் சனத்தைத்தான் படம் எடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் சூரியன். பழைய ஆலயங்களில் பீடம் கிழக்கில் இருப்பது மரபு. ஆனால் மலைச்சரிவில் இடம் கிடைத்தபடி கட்டியவையும் உண்டு, ஃபோனில் திசைகாட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஜன்னலுக்குக் காலை ஏழு முதல் ஒன்பது. மேற்கு ஜன்னலுக்குப் பிற்பகல் மூன்றரைக்குப் பின், மூடுபனி ஏறாமல் இருந்தால். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம் இருப்பதால் மதியம் சூரியன் உச்சிக்குப் போய்விடும், பக்கவாட்டு ஜன்னல்களில் நேர் வெயில் விழாது. ஜூனில் வடக்குப் பக்கமும் டிசெம்பரில் தெற்குப் பக்கமும் கொஞ்சம் வெயில் பெறும். ஒரே ஆலயத்துக்கு இந்த இரண்டு மாதங்களிலும் போனால் வேறு ஆலயத்துக்குப் போன மாதிரி இருக்கும்.

மூடுபனி நாளில் போனால் வீண்தானா?

இல்லை. வண்ணக் கண்ணாடிக்கு அதுதான் நல்ல நாள். நேர் வெயில் அடித்தால் கண்ணாடியின் ஒரு பக்கம் வெளுத்து, வெளியே நிற்கும் சவுக்கு மரத்தின் கிளை நிழலாக விழும். பனி மூடினால் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் துணி விரித்தது போல வெளிச்சம் சமமாக வரும். நீலமும் சிவப்பும் அப்போதுதான் உள்ளபடி பதியும்.

வண்ணக் கண்ணாடி ஜன்னலை எப்படி எடுப்பது? எனக்கு எப்போதும் வெளுத்துப் போகிறது.

கமரா உட்புறத்து இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, அதனால்தான். கண்ணாடியின் மீதே அளவெடுங்கள். ஃபோனில் என்றால் கண்ணாடியில் நிறம் உள்ள இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். கமராவில் ஒன்று முதல் இரண்டு படி குறையுங்கள். சுற்றுச்சுவர் கறுப்பாகப் போகும், போகட்டும். சுவரும் வேண்டும் என்றால் சுவருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று என இரண்டு படம் எடுத்து வீட்டில் சேருங்கள்.

கிட்ட நின்று கமராவை அண்ணாந்து பிடித்தால் ஜன்னல் மேலே குறுகி, பின்பக்கம் சாய்ந்ததுபோல் விழும். எதிர்ச் சுவர் வரை பின்னால் போய், சூம் செய்து, நேராகப் பிடியுங்கள். உள்ளே டியூப் லைட் எரிந்தால் அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். பகல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் வெள்ளைச் சுவர் பச்சையடிக்கும், பிறகு எவ்வளவு திருத்தினாலும் போகாது.

முழு ஜன்னலை எடுத்த பிறகு கீழ் ஓரத்துக்கு வாருங்கள். யார் நினைவாக, எந்த ஆண்டு என்ற எழுத்து அங்கேதான் இருக்கும்.

ஃபோன் போதுமா, கமரா வேண்டுமா?

ஃபோன் போதும். லென்ஸைத் துடைக்க மறக்காதீர்கள், சட்டைப் பையில் கிடந்த ஃபோன் எல்லாப் படத்திலும் புகை போட்டுவிடும். இரவுப் பயன்முறையில் வைத்து, வாங்கின் முதுகில் கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து எடுங்கள். அகலக்கோண லென்ஸில் தூண்கள் வளையும், கொஞ்சம் பின்னால் போய்ச் சாதாரண லென்ஸில் எடுப்பது மேல்.

கமரா வைத்திருப்பவர்கள் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை போகத் தயங்க வேண்டாம். துளி துளியாகப் புள்ளி விழுந்தாலும் அசைந்த படத்தைவிட நல்லது. ரோ கோப்பாக எடுத்தால் வெள்ளைச் சமநிலையை வீட்டில் சரிசெய்யலாம்.

முக்காலி? ஃபிளாஷ்?

முக்காலிக்குத் தனியாக அனுமதி கேளுங்கள். கால்களில் ரப்பர் இருக்க வேண்டும், பழைய தரை ஓடுகளில் ஒரு கீறல் விழுந்தால் அதே மாதிரி ஓடு இன்று கிடைக்காது. மரத் தளமாக இருந்தால் நீண்ட நேரப் படத்துக்கு யாரும் நடக்காமல் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் கால் மாற்றினாலே படம் நடுங்கும்.

ஃபிளாஷ் வேண்டாம். செபிக்கிறவருக்குத் தொந்தரவு என்பது ஒன்று. அதோடு, மினுக்கிய பித்தளையிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பி ஒரு வெள்ளைப் பொட்டுத்தான் மிஞ்சும். அந்த இடத்தின் வெளிச்சமே ஆலயத்தின் பாதி அழகு. அதை ஃபிளாஷ் அடித்து விரட்டிவிட்டு எதைப் படம் எடுப்பது?

லென்ஸில் பனி படிகிறதே?

வெளியே குளிரில் நின்றுவிட்டு, ஆட்கள் நிறைந்திருந்த சூடான இடத்துக்குள் வந்தால் படியும். பையை மூடியபடி பத்து பதினைந்து நிமிடம் உள்ளே வையுங்கள். துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி படியும். வீட்டுக்குப் போனதும் லென்ஸைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

தகடுகளில் உள்ள எழுத்து படத்தில் தெரிவதில்லை. என்ன செய்வது?

நேராக முன்னால் நின்று எடுத்தால் உங்கள் உருவமே தகட்டில் தெரியும். கொஞ்சம் ஓரமாக நின்று எடுங்கள். கல்லில் வெட்டிய எழுத்து தேய்ந்திருந்தால் ஒரு டோர்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் தங்கி எழுத்து எழும்பி வரும். கண்ணுக்கே தெரியாத பெயரை இப்படி வாசித்திருக்கிறேன்.

சோக்கு தடவ வேண்டாம். கரி தேய்க்க வேண்டாம். பித்தளையை மினுக்கிக் கொடுக்கிறேன் என்று எலுமிச்சங்காயோடு வர வேண்டாம். கல்லறையில் படிந்த பாசியைக் கம்பியால் சுரண்டி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாசியோடு எழுத்தும் போய்விட்டது. அந்தக் கல்லில் இருந்தவர் யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

என் தாத்தா இந்த ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றவர். ஏட்டைப் படம் எடுக்கலாமா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பலர் கோத்தகிரி, கூடலூர், குன்னூர்ப் பக்கம் இருந்து வருகிறார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதிக்கொண்டார்கள். அப்படிப் போன குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். கையில் ஒரு தோட்டப் பெயர், டிவிசன் பெயர், சில நேரம் ஒரு குருவானவரின் பெயர், அவ்வளவுதான் இருக்கும்.

திருமுழுக்கு, திருமண ஏடுகள் ஊர் பார்க்க வைத்த பொருள் இல்லை. ஒரே பக்கத்தில் பத்துக் குடும்பங்களின் விபரம் இருக்கும். உங்கள் குடும்பப் பதிவை மட்டும் ஃபாதரிடம் கேளுங்கள், அவரே தேடிச் சான்று எழுதித் தருவார். பெயரோடு தகப்பன் பெயர், தோட்டம், உத்தேச ஆண்டு இவற்றைக் கொண்டுவாருங்கள். ஒரே பெயரில் நாலு அந்தோனி, ஆறு மரியாயி இருப்பார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால் எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும்.

ஆனால் திருமுழுக்குக் கொடுத்த அந்தத் தொட்டியைத் தாராளமாகப் படம் எடுக்கலாம். கோத்தகிரியில் இருந்து வந்த ஒரு அம்மா அந்தக் கல்தொட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டே நெடுநேரம் நின்றார். அவருக்குப் படம் எடுத்துக் கொடுத்தது நான்தான். என் கமராவில் அதைவிட மதிப்பான படம் எதுவும் இல்லை.

ஆலயத்தில் இருக்கும் மக்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டு எடுங்கள். பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனைக் கேட்டு. எடுத்தால் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில் மகள் கொடுத்த கமராவோடு தொடங்கி, இங்கிலாந்தின் பெரிய பெரிய முகங்களையெல்லாம் படம் எடுத்தவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் இங்கேயே காலமானார். உலகம் முழுவதும் புகைப்படம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர். அந்தக் கல்லறை நம் தேயிலை மலைக்குள் இருப்பது நம் பிள்ளைகள் பலருக்கே தெரியாது.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் தொழிலாளர்களும் உண்டு. எவ்வளவு அழகான முகங்கள். ஆனால் பலருக்குப் பெயர் குறித்து வைக்கப்படவில்லை. எடுத்தவர் யார் என்று தெரிகிறது, நிற்பவர் யாருடைய கொள்ளுப்பாட்டி என்று தெரியவில்லை. நூற்றைம்பது வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும் எனக்கு அது இன்றும் வலிக்கிறது. உங்கள் ஃபோனில் ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகாது.

கலியாணத்துக்கு முந்திய படப்பிடிப்பு நடத்தலாமா?

ஆலய முற்றத்தில், அனுமதியோடு, சில இடங்களில் விடுவார்கள். உள்ளே, பீடத்துக்கு முன்னால் வேண்டாம். கல்லறை மேல் உட்கார்ந்து எடுப்பதை நான் நேரில் தடுத்திருக்கிறேன், இனியும் தடுப்பேன்.

ட்ரோன்?

சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிமுறைகளும் அனுமதியும் ஒரு பக்கம், ஆலயத்தின் சம்மதம் இன்னொரு பக்கம். இரண்டும் இல்லாமல் பறக்கவிடாதீர்கள்.

காணிக்கை எவ்வளவு போட வேண்டும்?

கட்டணம் கேட்கும் ஆலயத்தில் அதைக் கொடுங்கள். மற்ற இடங்களில் உண்டியலில் உங்களால் முடிந்தது. கதவு திறந்துவிட்டவர் கையில் திணிக்க வேண்டாம், சிலர் மனம் நோவார்கள். பெட்டி எங்கே என்று கேட்டுப் போடுங்கள். அவர் பிளேன்டீ குடிக்கக் கூப்பிட்டால் மறுக்காமல் குடியுங்கள். ஆலயத்தைப் பற்றிய நல்ல கதைகள் எல்லாம் அந்தத் தேநீரோடுதான் வரும்.

அனுமதி மறுத்துவிட்டால்?

சரி என்று சொல்லி, உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். முன்னே வந்த யாரோ அவர்களை வருத்தியிருக்கலாம். ஒரு ஆலயத்தில் முதல் தடவை எனக்கும் மறுத்தார்கள். பிறகு இரண்டு ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். மூன்றாம் தடவை அந்த ஐயாவே, "தம்பி, கமரா கொண்டாரலியா?" என்று கேட்டார்.

எடுத்த படங்களை என்ன செய்வது?

ஒரு பிரதியை ஆலயத்துக்குக் கொடுங்கள். எடுக்கிறவர்கள் நூறு பேர், திருப்பிக் கொண்டுவந்து தருகிறவர் ஒருவர் இருவர். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன எத்தனையோ பேருக்காக எங்கள் சபையார் காத்திருந்திருக்கிறார்கள். கூரை மாற்றும்போது, கண்ணாடி உடைந்தால், தகடு களவு போனால், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட ஆலயத்திடம் பல சமயம் ஒரு படம்கூட இருக்காது.

ஃபோனுக்கு அனுப்பினால் சுருங்கிப் போகும், ஆள் மாறினால் தொலைந்தும் போகும். பத்துப் படத்தையாவது கடையில் கழுவித் தாளாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் இடம், திகதி, நிற்பவர்களின் பெயர். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எங்கள் ஈரத்தில் ஊறிப் படர்ந்துவிடும். பின்புறம் வழுவழுப்பாக இருந்து பென்சில் பிடிக்காவிட்டால் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து உறைக்குள் வையுங்கள்.